நூறு விரிப்புக்கு நடுவே ஒன்று

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த போன் இரண்டு தடவை அதிர்ந்து, சிமெண்டுத் தரையில் ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. வண்டிக்காரன் எச்சில் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு இடது கையால் அதை எடுத்தான். பாட்டோ படமோ வந்திருக்கும் என்ற நினைப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தான்.

"நீங்கள் இப்போது... பாதுகாப்பான இடத்தில்... இருக்கிறீர்களா? ஆம். இல்லை."

அடுப்புப் பக்கம் கரண்டியோடு நின்ற அவன் மனைவி அப்படியே நின்றாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அவளுடைய தங்கை தட்டில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை.

"யாருடி இது? என் வீட்டுல உட்கார்ந்து நான் சோறு திங்கிறேன், என்னைப் பார்த்து பத்திரமா இருக்கியான்னு கேக்குது!"

யாரும் சிரிக்கவில்லை. அவன் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி மேலே போனான். இப்போது வாய்விட்டுப் படிக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பாதியில் அதுவும் நின்றது. போன வியாழக்கிழமை, அழுக்குத் துணி அறை, மேஸ்திரி, கதவைச் சாத்தினார். அதற்குக் கீழே எழுதியிருந்த இரண்டு வரியை அவன் ஒரே ஒரு தடவைதான் படித்தான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

"நீ ஏன் அங்க போன?"

"கூப்பிட்டாரு மாமா. ஆஸ்பத்திரி மூட்டையைப் பிரிக்கணும்னு கூப்பிட்டாரு."

"கூப்பிட்டா போயிடுவியா?"

"மேஸ்திரி கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?"

மூன்று பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஆஸ்பத்திரிகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவை ஆலை. தங்கை உருளை இஸ்திரி. அக்கா மடிப்பு மேசை. வண்டிக்காரன் அழுக்கு மூட்டையை ஏற்றி வந்து வெளுத்த துணிக்கட்டை ஏற்றிப் போகிறவன்.

"இதை யாருக்கு அனுப்பின? எவன் இது?"

"ஆளில்ல மாமா. மெஷினு. ஆலையில நோட்டீஸ் ஒட்டியிருக்காங்கல்ல, தோழின்னு, அது."

"மெஷின்கிட்டயா சொன்ன? ஏன், மனுஷ ஜென்மம் ஒண்ணுமே கிடைக்கலையா?"

தங்கை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்த கையோடு முதலில் சொன்னது அக்காவிடம்தான். சொல்லி முடிப்பதற்குள் அக்கா அவள் வாயைப் பொத்தினாள். 'போதும், இதோட விடு' என்றாள். அந்தக் கையின் சோப்பு வாசனை இன்னும் தங்கையின் மூக்கில் இருந்தது.

வண்டிக்காரன் கெட்டவன் இல்லை. பெண்டாட்டியை ஒரு தரம் கூட அடித்ததில்லை, மச்சினிக்குச் சோறு போட முகம் சுளித்ததில்லை. பயந்தவன். பயந்தவன் வீட்டுக்கு நியாயம் விருந்தாளி மாதிரி வரும், வந்த உடனே செருப்பைத் தேடும்.

"நல்லாக் கேட்டுக்க. முள்ளு மேல சேலை விழுந்தாலும் சேலை மேல முள்ளு விழுந்தாலும் கிழியுறது சேலைதான். அந்தாளு நினைச்சா நாளைக்குக் காலையில என் கையில வண்டிச் சாவி இருக்காது. அப்புறம் மெஷினா வந்து வாடகை கட்டும்?"

எல்லாவற்றையும் அழித்தான். அந்த எண் மறுபடி கூப்பிட முடியாதபடி அடைத்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சச் சோற்றைத் தின்றான். பாதியில் எழுந்தால் பயந்தது தெரிந்துவிடும்.

வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தான். மாலையில் அவன் குளிக்கப் போகிற கால்மணி நேரம்தான் தங்கைக்குக் கிடைத்தது. மூன்று மாலை, மூன்று கால்மணி. முதல் நாள் அவள் எழுதியது ஒரே ஒரு வரி: மேஸ்திரி தப்பாக நடந்துகொண்டார். வீட்டில் சொன்னாலும் தெருவில் சொன்னாலும் இந்த வரிக்குப் பதிலாக ஒரு கேள்விதான் வரும், இப்போது மாமா கேட்டாரே, அது. மெஷின் அதைக் கேட்கவில்லை. 'இது உங்கள் தவறு இல்லை' என்று எழுதியது. எல்லாருக்கும் அதையேதான் எழுதும், உள்ளே எழுதி வைத்த வார்த்தை என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அந்த வரிக்குத் திரும்பத் திரும்ப ஏறிப் போய்ப் படித்தாள். அதுவரை அவளிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் அது கேட்டது: வேறு யாராவது பார்த்தார்களா, அந்த அறைப் பக்கம் கேமரா உண்டா? உண்டு. அறைக்குள் இல்லை, வாசலுக்கு நேரே. யார் எப்போது உள்ளே போனார்கள், கதவு எவ்வளவு நேரம் சாத்தியிருந்தது, யார் எப்படி வெளியே வந்தார்கள், எல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஏழு நாள்தான் இருக்கும். போன வருஷம் ஒரு மூட்டைப் புதுத் துண்டு காணாமல் போய், எட்டாம் நாள் கேமராவைப் பார்க்கப் போனபோது ஒன்றும் இல்லை. அதனால் ஏழு நாள் கணக்கு ஆலையில் எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரிக்கும் தெரியும்.

பதிவை அழிக்காமல் நிறுத்த வேண்டுமானால் புகார் எண் வேண்டும். எண் வேண்டுமானால் வேலை அட்டையைக் காட்ட வேண்டும். அட்டை ஆலை வாசலைத் தாண்டி வெளியே வரக் கூடாது. ஆகவே ஆலைக்குள் நட்டு வைத்திருக்கிற மெஷின் முன்னால் நின்றுதான் புகாரை முடிக்க வேண்டும். பத்து நிமிஷம் ஆகும் என்றது. வெளியிலிருந்து ஒரு பெண்கள் சங்கம் நடத்துகிறது, உங்கள் முதலாளி இதைப் படிக்க முடியாது என்றும் சொன்னது.

நடந்தது வியாழன். இன்று செவ்வாய். வருகிற வியாழன் இரவோடு பதிவு போய்விடும். அதற்கப்புறம் அவள் சொல், மேஸ்திரி சொல், இரண்டு மட்டும்தான் மிஞ்சும். எந்தச் சொல் கனம் என்று யாருக்கும் தராசு தேவையில்லை.

*

ஆலையில் அந்தத் தோழி மெஷின் நிற்கிற இடத்தைப் பார்த்தால் யார் யோசனையோ என்று தோன்றும். வாசலுக்கும் மேஸ்திரியின் கண்ணாடி அறைக்கும் நடுவே, எல்லோரும் வந்து போகிற நடையில், ஒரு கம்பத்தில் திரை. திரைக்குக் கீழே அட்டை காட்டுகிற இடம், அதற்கும் கீழே சீட்டுத் துப்புகிற வாய். பக்கத்துச் சுவரில் சிரிக்கிற ஒரு பெண்ணின் படம், 'உங்கள் ரகசியம் தோழியிடம் பத்திரம்'. துணிகளில் கறை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக்காரி, எல்லோருக்கும் சோடாபுட்டி, அதை முதல் நாளே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரகசியத்தைக் கொண்டுபோய் முச்சந்தியில நட்டு வச்சிருக்கானுங்க. தோழியாம்! மாமியார் மாதிரி வாசலை மறிச்சுக்கிட்டு நிக்குது."

போன வருஷம் நெட்டை என்று ஒருத்தி அதன் முன்னால் மூன்று நிமிஷம் நின்றாள். மாதவிலக்கு நாளில் லீவு உண்டா என்று கேட்டாளாம், அவ்வளவுதான். அன்று மாலைக்குள் அவளுக்கும் மேஸ்திரிக்கும் ஏதோ என்று பரவியது. மறுநாள் அது அவளுக்கும் காவல்காரனுக்கும் என்று மாறியது. மூன்றாம் நாள் அவள் புருஷன் வந்து ஆலை வாசலில் கத்தினான். வாரக் கடைசியில் அவள் வேலைக்கு வரவில்லை. மெஷின் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று, பெண்களே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அதன் நிழலைக்கூட யாரும் மிதிக்கவில்லை. ஒரு புகாரும் இல்லாத ஆலை என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த கேடயம் மேஸ்திரியின் அறையில் மாட்டியிருக்கிறது.

மேஸ்திரி குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லாப் பெண்களையும் 'தங்கச்சி' என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்தால் உருளைச் சூட்டில் நிற்கிறவளுக்கும் முதுகு சில்லிடும்.

புதன்கிழமை டீ நேரத்தில் தங்கை மெஷினை நோக்கிப் பத்தடி நடந்தாள். கண்ணாடிக்கு உள்ளிருந்து பேனாவால் 'டொக் டொக்' என்று தட்டுகிற சத்தம். மேஸ்திரி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"என்ன தங்கச்சி, டீ அந்தப் பக்கம்ல குடுக்கறாங்க?"

"தண்ணி குடிக்க வந்தேன் மேஸ்திரி."

"குடி, குடி. உடம்பைப் பாத்துக்க. இந்த வெக்கையில நின்னு கறுத்துப் போயிட்ட. திங்கக்கிழமையில இருந்து உனக்கு அழுக்குத் துணி ரூம். நிழல்ல உட்கார்ந்து பாக்குற வேலை. உங்க மாமாவுக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும். வண்டி நல்லா ஓடுதாமா?"

"ஓடுது மேஸ்திரி."

"ஓடணும். ஓடுனாத்தானே எல்லாருக்கும் நல்லது."

அவள் திரும்பி வந்து உருளைக்கு முன்னால் நின்றாள். ஈர விரிப்பை இழுத்துக் கொடுக்கும்போது ஒருமுறை விரல் சூட்டுத் தகட்டில் பட்டது. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றவே கொஞ்ச நேரம் ஆயிற்று. எதிரே நின்ற சோடாபுட்டிதான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. மேஸ்திரியின் கண்ணாடி அறையை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வேலை முடிகிறபோது பலகையில் அடுத்த வாரப் பட்டியலை எழுதிப் போட்டிருந்தார்கள். அக்கா அதன் முன்னால் நின்றாள். அழுக்குத் துணி அறைக்கு நேரே தங்கையின் அட்டை எண். நின்றுகொண்டே இருந்தாள். வழி விடச் சொல்லி இரண்டு பேர் இடித்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் தங்கை சொன்னாள்: "நாளைக்கு ஒரு நாள்தான்க்கா இருக்கு."

இரண்டு தெரு தாண்டிய பிறகு அக்கா, "என்ன கேக்கும் அது?" என்றாள்.

"எது?"

"அந்த மெஷினு. என்னென்ன கேக்கும்?"

"என்ன நடந்துச்சுன்னு கேக்கும். சொல்ல முடிஞ்சதை மட்டும் சொல்லுன்னு சொல்லும். நீ ஏன் போனேன்னு கேக்காது."



*

மடிப்பு மேசையில் ஒரு விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். நான்கு முனையையும் பிடித்து விலகி நின்று, உதறி, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை விலகி ஆயிரம் தடவை சேர்கிறார்கள். அக்காவுக்கு ஜோடி ரேடியோ. வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர்.

வியாழக்கிழமை காலை, முழ நீளம் கிழிந்த விரிப்பு ஒன்று வந்தது. ரேடியோ அதைத் தூக்கிக் காட்டினாள்.

"இதை என்ன பண்ண? திருப்பி அனுப்பினா அந்த ஆளு நம்ம தலையில கட்டுவான்."

"என்னத்தைப் பண்ணுவீங்க? எப்பவும் பண்றதுதான்," என்றாள் சோடாபுட்டி. "நூறுக்கு நடுவுல சொருகு. எந்த நர்ஸம்மா வந்து பிரிச்சு எண்ணப் போறா?"

மடிப்புக்காரிகளின் திருட்டு அது. மேலே இருந்தாலும் கண்ணில் படும், அடியில் இருந்தாலும் கண்ணில் படும். நூறு நல்ல விரிப்புக்கு நடுவே வைத்துக் கட்டிவிட்டால் எது கிழிசல் என்று கண்டுபிடிக்க ஒரு கட்டையே குலைக்க வேண்டும். யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

அக்கா கட்டை நடுவில் பிரித்துக் கிழிந்ததை உள்ளே வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"நாம எத்தனை பேரு? பொம்பளைங்க மட்டும்."

"நாப்பது. எதுக்கு?"

"நாப்பது பேரும் ஒரே நாள்ல அந்தத் தோழி முன்னாடி நின்னா?"

சோடாபுட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். மாட்டாமலே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கண்ணாடி இல்லாத அவள் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

"நின்னு என்னத்தைப் பேசறது?" என்றாள் ரேடியோ.

"உனக்கா பேச்சுக்குப் பஞ்சம்? உன் மாமியாரைப் பத்திச் சொல்லு. மெஷினுக்குத் தூக்கம் வராது, தைரியமாப் பேசு."

"ஆளுக்கு ரெண்டு நிமிஷம்," என்றாள் அக்கா. "நான் முதல்ல நிக்கறேன். என் தங்கச்சிக்கு நடுவுல பத்து நிமிஷம் வேணும். மீதிப் பேரு சாயங்காலம் நிக்கட்டும்."

யாருக்காக, எதற்காக என்று அவள் சொல்லவில்லை. சோடாபுட்டி ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னபோது யாரும் கேட்கவும் இல்லை. நெட்டையைப் பற்றி மூன்று நாள் பேசிய அதே வாய்கள்தான். அதில் நான்கைந்து பேர் முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி, "என் புருஷனுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுடுவான்" என்றாள். அப்புறம் அவளே வந்து வரிசையில் எட்டாவதாக நின்றாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. அரைமணி நேரம்தான். கண்ணாடி அறையில் மேஸ்திரி தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார். அக்கா நேராகப் போய் மெஷின் முன்னால் நின்றாள். அட்டையைக் காட்டினாள். அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும், எழுத வராது. திரையில் பேசுவதற்கான படத்தைத் தொட்டு, துளைகள் இருந்த இடத்தில் வாயைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். பின்னால் உருளைகளின் இரைச்சல். என்ன பேசினாள் என்று அடுத்து நின்றவளுக்குக்கூடக் கேட்கவில்லை.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. நான்கு ஆயிற்று. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஆறாவது நிமிஷம் சோடாபுட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஏய், ரெண்டு நிமிஷம்னு சொன்னது யாரு? வா வெளியில!"

அக்கா திரும்பவில்லை. துளைகளுக்கு முன்னால் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், எதிரே ஆள் நிற்பதுபோல. ஒன்பதாவது நிமிஷம் சீட்டு வந்தது. கிழித்து உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் விலகினாள்.

"என்னக்கா இவ்வளவு நேரம் பேசின?" என்றாள் தங்கை. அவள் நேரமல்லவா போனது.

"முதுகு வலி," என்றாள் அக்கா. மடிப்பு மேசைப் பக்கம் போய்விட்டாள்.

அதற்குள் மேஸ்திரி வெளியே வந்துவிட்டார். கையில் நோட்டு.

"என்ன தங்கச்சிங்களா, இங்க என்ன இனாமாக் குடுக்கறாங்க?"

"நம்பர் குடுக்கறாங்க மேஸ்திரி," என்றாள் சோடாபுட்டி. "மனசுல இருக்கறதைப் போட்டா நம்பர் வருதாம். நீங்களும் நில்லுங்க, ஆனா கடைசியில. வரிசையில புகுந்தா அபராதம்னு நீங்கதானே சுவத்துல எழுதிப் போட்டிருக்கீங்க?"

யாரோ சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். வரிசையின் தலையிலிருந்து ஒவ்வொரு அட்டை எண்ணாக நோட்டில் எழுத ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, ஐந்து, பன்னிரண்டு. பதினைந்தாவதில் பேனா நின்றது. ஒருத்தியை எழுதினால் அது குற்றப் பட்டியல். நாற்பது பேரையும் எழுதினால் அது வருகைப் பதிவு. அவர் நோட்டை மூடிவிட்டு வரிசையை ஒட்டி நடந்தார். நடந்து, தங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

ரேடியோ மெஷினை விட்டு விலகினாள். மாமியாரைப் பற்றிப் பேசப் போனவள், ஈர முகத்தோடு வந்தாள். கையில் சீட்டு. அந்த ரேடியோ அணைந்து ஆலையில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

தங்கையின் முறை. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. அவள் அட்டையைக் காட்டினாள். மேஸ்திரி அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். மூச்சு கழுத்தில் பட்டது. அவர் சாப்பிட்டிருந்த வெங்காயத்தின் வாசனை. திரையில் எழுத்து வந்தது: 'உங்களால் சொல்ல முடிந்த அளவு மட்டும் சொல்லுங்கள்.' அவள் விரல் எழுந்து அப்படியே நின்றது.

"எழுது தங்கச்சி. என்ன எழுதறேன்னு நானும் பாக்கறேன்."

"வழி விடுங்க, வழி விடுங்க! ஆஸ்பத்திரிக் கட்டு!"

அக்கா தள்ளுவண்டியோடு வந்தாள். ஆள் உயரத்துக்கு அடுக்கிய வெள்ளை விரிப்புகள். ஆஸ்பத்திரிக் கட்டு வந்தால் முதலாளியே ஒதுங்க வேண்டும் என்பது ஆலைச் சட்டம். மேஸ்திரி பழக்கத்தில் ஓரடி பின்னால் வைத்தார். வண்டி அந்த ஓரடியில் புகுந்து, தங்கைக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றது.

"எடும்மா வண்டியை."

"சக்கரம் சிக்கிக்கிச்சு மேஸ்திரி."

"எடுன்னு சொல்றேன்."

"சிக்கிக்கிச்சுன்னு சொல்றேன்."

அவர் குரல் முதன்முறையாக உயர்ந்தது. நாற்பது பேரும் கேட்டார்கள். அக்கா வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து, நன்றாக ஓடுகிற சக்கரத்தைப் பழுது பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வெள்ளைச் சுவருக்கு இந்தப் பக்கம் தங்கையின் விரல் வேலை செய்தது. எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படவில்லை. வியாழன். மணி இரண்டரை. கதவு. எத்தனை நிமிஷம். யார் முதலில் வெளியே வந்தது. அது கேட்டதற்கெல்லாம் எழுதினாள், கேட்காத ஒன்றையும் எழுதினாள்: திங்கக்கிழமையிலிருந்து என்னை அங்கேயே போட்டிருக்கிறார்கள்.

'கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி கோரிக்கை அனுப்பப்பட்டது. பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்துவிட்டது.'

சீட்டு வந்தது. அதோடு விடாமல் மெஷின் இன்னொன்று கேட்டது: 'இந்த உரையாடல் உங்களுக்கு எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரங்களில் மதிப்பிடுங்கள்.'

"என்னடி முழிக்கிற?" என்றாள் பின்னால் நின்ற சோடாபுட்டி.

"நட்சத்திரம் கேக்குதுக்கா."

"நம்ம ஜாதகத்துல இல்லாததெல்லாம் கேக்குது. ஏதாவது ஒண்ணைக் குத்திட்டு வா, மணி அடிக்கப் போறான்."

சீட்டை வைத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. துணிக்கட்டுக்கு ஒட்டுகிற அதே ரகத் தாள், உருளைச் சூட்டில் ஒரு மணி நேரத்தில் கறுத்துவிடும். சோடாபுட்டியிடம் ஆலைத் துணிகளுக்குக் குறி போடுகிற பேனா இருந்தது. நூறு தடவை கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாலும் போகாத மை. அதைக் கொண்டு தங்கையின் துப்பட்டா ஓரத்தில் எண்ணை எழுதினாள். மாலையில் மீதிப் பெண்களும் நின்றார்கள். வெறும் கூட்டத்துக்காக நிற்கப் போனவர்கள். வேலை முடிவதற்குள் அந்தப் பேனா பதினோரு எண் எழுதியது. ஒருத்திக்கு முந்தானையில், ஒருத்திக்கு ரவிக்கையின் உள்பக்கம், ஒருத்திக்குக் கைக்குட்டையில். சோடாபுட்டி எழுதினாள், எதையும் கேட்கவில்லை. பன்னிரண்டாவதாக ஒன்றையும் எழுதினாள், அது அவளுடைய உள்பாவாடையில்.

*

சனிக்கிழமை அந்தப் பெண்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து கேமராப் பதிவை வாங்கிக்கொண்டு போனார்கள். மேஸ்திரிக்கு லீவு என்று பலகையில் எழுதியிருந்தது. வேலை போனது என்று எழுதியிருக்கவில்லை. தங்கையின் அட்டை எண் இன்னும் அழுக்குத் துணி அறைக்கு நேரேதான் இருந்தது. யாரோ அதன் மேல் ஈரக் கையால் இழுத்துவிட்டிருந்தார்கள், பாதி அழிந்து பாதி தெரிந்தது.

அன்று மாலை வண்டிக்காரன் டீசல் போட நிறுத்திய இடத்தில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். தற்செயலாக நிற்பதுபோல. அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். கிளாஸைத் திருப்பி வாங்கும்போது சொன்னார்:

"உன் வீட்டுல ரெண்டு பேருமே நல்லாப் பேசறாங்கப்பா. எனக்குத் தெரியாமப் போச்சு."

ராத்திரி முழுக்க அவனுக்கு அந்த டீ நெஞ்சிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஆள் நடமாட்டம். வண்டிக்காரன் பல் விளக்கிய கையோடு வந்தவன், வாளியில் கிடந்த சேலையின் ஓரத்தில் கறுப்பாக எதையோ பார்த்தான். குனிந்து இழுத்துப் பிரித்தான். எண். தெளிவாக, ஆலைக் குறி போலவே.

"இதை வேற எழுதி வச்சிருக்கியா? தெருவே படிக்கட்டும்னா?" குரலை அடக்கிக்கொண்டு பல்லைக் கடித்தான். "அவ நம்பரை உன் சேலையில எதுக்குடி எழுதின?"

அக்கா தலை நிமிரவில்லை. கல்லில் துணியைக் குமுக்கிக்கொண்டிருந்தாள். அலசத் தண்ணீர் எடுத்து வந்த தங்கைதான் சொன்னாள்.

"என் நம்பர் என் துப்பட்டாவுல இருக்கு மாமா."

கொடியில் துப்பட்டா தொங்கியது. அவன் போய் அதன் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தான். திரும்பி வந்து சேலையைப் பார்த்தான். இது வேறு, அது வேறு. தங்கையும் அப்போதுதான் சேலையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள்.

"எப்போ?" என்றான் அவன். கேட்டது தன் வாய்தானா என்பதுபோல.

அக்கா துணியை நிறுத்தினாள்.

"ஆறு வருஷமாச்சு. உங்களுக்கு வண்டி கேட்டு மேஸ்திரிகிட்ட போனப்போ."

எதிர்வீட்டில் யாரோ வாளியைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் தெருவில் ஓடியது. அவன் சேலையோடு கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தான். சோப்பை எடுத்து அந்த ஓரத்தில் தேய்த்தான். நுரை வந்தது, நுரையை வழித்துவிட்டுப் பார்த்தான், மறுபடி தேய்த்தான். பிரஷ்ஷை எடுத்தான். கையால் கசக்கினான். நூல் பிரிந்துவிடும்போல ஆயிற்று. அவன் கண்ணிலிருந்து வந்ததும் நுரையோடு போயிற்று.

அக்கா தடுக்கவில்லை. அவன் கை ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்ந்ததும் சேலையை வாங்கினாள். ஒரு முனையைத் தங்கையிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் விலகி நின்று முறுக்கிப் பிழிந்தார்கள். உதறி, எண் தெருவைப் பார்க்கிற மாதிரி கொடியில் போட்டாள்.